குட்டையனும் நெட்டையனும்

ஏரல்
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

கர்த்தருக்குள் பிரியமான பிரிஸில்லாவுக்கு,

பாக்கியசீலன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. பழக்கதோஷம். பிள்ளை ஜெனோ எழுந்து நடமாடுகிறாள், நான் வேலைக்குப் போய் வருகிறேன். இப்போதைக்கு எழுத முடிந்த சுகம் அவ்வளவுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு. டூட்டி முடிந்து வெறும் டீயோடு படுத்துவிடாதே.

போன் கையில் இருக்கும்போது இந்த மனுசனுக்குக் கடிதாசி எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, என் லட்சணம் உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே பழகிப் போனவன் நான். எழுதினால்தான் நிதானம் நிற்கிறது. பக்கத்துத் தெரு ஹெப்ரான் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். டூட்டி முடிந்து ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி. வார்டில் வைத்துப் பிரிக்காதே.

நாலைந்து நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் பிள்ளை தூங்குகிறாள், குளிக்கிறாள், அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வருகிறேன். நீ நம்பவில்லை. நேற்று, பிள்ளையை உன்னிடமிருந்து மறைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். பிரிஸி, மறைக்கிறவன் நான் இல்லை. அவளாகத்தான் ஒளிந்துகொள்கிறாள். உன் பெயர் போனில் வந்ததும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிறாள். போன் அடித்து ஓய்கிற வரைக்கும் காதைப் பொத்திக்கொள்கிறாள். நெஞ்சுப் படபடப்பு என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், இப்போது சரியாகிவிட்டது என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். அப்படி வந்தால்தான் எனக்கு ஓடும்.

வெள்ளம் வந்து வீட்டை அலசிவிட்டுப் போன மறு வருசம் நீ கிளம்பினாய். நீ போன பிறகு பள்ளிக்கூடத்தில் புகார் மேல் புகார். பிள்ளை ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள், எழுதத் தொடங்கின வரியை முடிக்க மாட்டேன் என்கிறாள், அடுத்த பிள்ளையின் டப்பாவை எடுத்துத் திறந்துவிடுகிறாள். தாய் இல்லாத ஏக்கம் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். என் அக்கா சாரம்மாள் ஒரு பக்கம் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். பாளையங்கோட்டையில் டாக்டர் ஆவுடைநாயகம்தான் அதை உடைத்துச் சொன்னார். ஏக்கத்தால் வருவது இல்லை, பிறவியிலேயே உள்ளது, ஏ.டி.எச்.டி. என்று பெயர், இவள் சேட்டையும் இல்லை, உங்கள் வளர்ப்பும் இல்லை என்றார். அன்றைக்கு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் வரும்போது எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. போனில் உன்னிடம் சொன்னதும் நீயும் அப்படித்தான் சொன்னாய்.

முதலில் கொடுத்தது சின்ன மாத்திரை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. போட்ட கொஞ்ச நேரத்தில் பிடிக்கும், நாலு மணி நேரம் போல நிற்கும், ஓய்ந்துவிடும். சபீதா டீச்சர் மத்தியான மாத்திரையைத் தன் பையில் வைத்திருந்து, சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் "மாத்திரை" என்றே இவளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். நான்தான் அவளைத் தேற்றுவதற்காக அந்த மாத்திரைக்குக் குட்டையன் என்று பெயர் வைத்தேன். குட்டையன் வந்துட்டானா, குட்டையன் போயிட்டானா என்று வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது.

குட்டையன் நல்லவன்தான். எழுத்து வரிசைக்கு வந்தது, கணக்கு வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு அவன் இறங்கிவிடுவான். இறங்குகிறவன் சும்மா இறங்க மாட்டான். மருந்து விடுகிற நேரத்தில் சில பிள்ளைகளுக்கு முன்னைவிடக் கூடுதலாகவே படுத்தும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். காரணம் இல்லாமல் அழுவாள். செருப்பைத் தூக்கி எறிவாள். மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பாள். பிறகு தின்னத் தொடங்கினால் நான் தோசை சுட்டு மாளாது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் உன் டூட்டி முடியும், நீ கூப்பிடுவாய்.

வீடியோவில் உனக்குக் கிடைத்ததெல்லாம் பாதிக் கன்னமும் ஓடுகிற பின்னலும்தான். ஒரு தடவை போனை வாங்கிச் சோபாவுக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள், நீ இருட்டோடு பேசிக்கொண்டிருந்தாய். பெற்ற பிள்ளை என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள், நான் யாருக்காக இங்கே வந்து கிடக்கிறேன் என்று நீ அழுதாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

நாள் முழுக்க நிற்கிற மாத்திரை, அந்த நெட்டையனைக் கேட்டது நீ. குறை சொல்லவில்லை, பிரிஸி. நர்ஸாக இருக்கிறவளுக்கு அது தோன்றத்தான் செய்யும். டாக்டரும் சரி, போட்டுப் பார்ப்போம் என்றார். காலையில் ஒன்று போட்டால் பொழுது சாயும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வேலை செய்யும், பள்ளிக்கூடத்தில் வைத்து யார் முன்னாலும் விழுங்க வேண்டாம், ஏற்ற இறக்கமும் குறைவு என்றார். கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, முழுசாக விழுங்கணும் என்று என்னிடம் சொல்லவில்லை, அவளிடமே சொன்னார். அவளும் பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வருமுன்பே அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

நெட்டையன் வந்த அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு மறந்திருக்காது. நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து, மணிமுத்தாறு அணைக்கு டூர் போன கதையை உன்னிடம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள். பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தது, தண்ணீர் திறந்தபோது என்ன சத்தம் வந்தது, எதையும் விடவில்லை. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இப்பந்தான்ட்டி நீ என் பிள்ளை."

அந்த வார்த்தையில் ஒரு குற்றமும் இல்லை. நம் ஊரில் எந்தத் தாய்தான் அதைச் சொல்லவில்லை? தட்டில் மிச்சம் வைக்காமல் தின்றால் சொல்லுவோம், தலைவாரிப் பூ வைத்து வந்து நின்றால் சொல்லுவோம். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிள்ளைக்குச் சந்தோசம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் நெட்டையன் இவள் உடம்புக்குத் தோதுப்படவில்லை. சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வந்தது. ராத்திரி ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்து விளையாடுவாள், உள்ளே போகாது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி அனுப்பினேன். டாக்டர் எடை பார்த்து முகம் சுளித்தார். மருந்தில் நல்ல மருந்து கெட்ட மருந்து என்று இல்லை, இதே மருந்தில் நன்றாகத் தின்று வளர்கிற பிள்ளைகள் என்னிடம் எத்தனையோ பேர் வருகிறார்கள், இவளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான், கொஞ்ச நாளைக்குப் பழையதற்கே போவோம் என்றார். உன்னிடம் சொன்னேன். நீ, அப்போ சாயங்காலம் என்று மட்டும் கேட்டாய்.

ஜெனோவும் டாக்டர் அறையில் அதைத்தான் கேட்டாள். குட்டையன் போயிருவானே, அம்மா கூப்பிடுகிற நேரத்துக்கு யாரு இருப்பா என்று கேட்டாள். டாக்டர் கன்னத்தைத் தட்டி, நீதான் இருப்ப என்றார். நானும் அவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கும் எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. குட்டையனே திரும்பி வந்தும் சாயங்காலங்கள் கெடவில்லை. நீ கூப்பிடுகிற நேரத்துக்கு முகம் கழுவி, பவுடரெல்லாம் பூசி, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேசினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிள்ளை வளர்ந்துட்டா என்று நீ சொன்னாய். அக்கா ஒரு படி மேலே போய்விட்டாள். தன் உபவாச ஜெபத்துக்கு ஆண்டவர் செவிகொடுத்தார் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். சபையார் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றைக்கு ஜெனோ என் பக்கத்தில்தான் நின்றாள். என் சட்டை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். கூச்சம் போல என்று நினைத்தேன். மடையன்.

அதே சமயத்தில் பள்ளிக்கூடத்தில் மத்தியானத்துக்கு மேல் கெட்டுப் போனது. சபீதா டீச்சர் கூப்பிட்டு, காலையில் நன்றாக இருக்கிறாள், சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஆளாகிவிடுகிறாள் என்றார். சில நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ராத்திரி தூக்கமும் தள்ளிப் போனது, கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். டாக்டரிடம் போய், மருந்து பத்தவில்லை என்று சண்டைக்கு நிற்கிற மாதிரிச் சொன்னேன். மத்தியான மாத்திரை உள்ளே போகிறதா, யாராவது பார்க்கிறார்களா என்று அவர் கேட்டார். சபீதா டீச்சரைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்த அம்மா கையால் கொடுத்து, கண்ணால் பார்த்து அனுப்புகிறார் என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜெனோவையும் ஒரு பாட்டம் ஏசினேன். டீச்சர் பேச்சைக் கேட்காதவளுக்கு அம்மாவிடம் மட்டும் என்ன ஒழுக்கம் வேண்டிக் கிடக்கு என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி எழுத வேண்டியதற்குக் கை வரவில்லை. ஜெனோ வந்து எட்டிப் பார்க்கிறாள், யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கிறாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கள், காலை

பிரிஸி, போன திங்கட்கிழமை நீ போனில் அவளிடம், நாளைக்கு அம்மா ஒரு விசயம் சொல்லுவேன், நல்லா உட்கார்ந்து கேட்கணும் என்று சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்கும். கிறிஸ்மஸுக்கு நீ வருகிறதைத்தான் சொல்லப் போகிறாய் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்புகிற வரைக்கும், விட்டு வந்த பிறகும், அத்தையிடம் அதே பேச்சு. நல்லா உட்காரணும், நல்லா உட்காரணும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு இருந்தாளாம்.

நான் ஆபீஸ் விட்டு வந்தபோது கட்டிலில் கிடந்தாள். முகம் குப்பென்று சிவந்து, கையும் காலும் நடுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் கை வைத்தால் துள்ளுகிறது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே அழுகிறாள். அந்த நேரம் மேசையில் போன் அடித்தது. நீதான். நான் எடுக்கப் போனேன். அந்த நடுக்கத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்கப்பா. நான் இப்பம் நல்லா உக்காரல."

எடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனோம். இங்கன வலிக்குதா, அங்கன வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே போனேன். டாக்டர் ஆவுடைநாயகம் வந்து கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், எத்தனை மாத்திரை போட்டாள் என்றார். வீட்டில் உள்ள அட்டையில் ஒன்றும் குறையவில்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். மிசின் மாட்டி, டிரிப் போட்டு, பக்கத்திலேயே ஆள் வைத்துப் பார்த்தார்கள். விடிந்தபோது படபடப்பு இறங்கிவிட்டது. உயிருக்குப் பயம் இல்லை என்றார் டாக்டர். அதை நீ முதலில் மனதில் வாங்கிக்கொள். பயம் இல்லை.

காலையில் இட்லி ஊட்டும்போது அவளாகச் சொன்னாள். பைய, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"டீச்சர் குடுத்த குட்டையனை நான் மத்தியானம் திங்கலப்பா. வாயில போட்ட மாதிரி காட்டிட்டு, கைக்குள்ள வச்சிக்கிடுவேன். அம்மா கூப்பிடுததுக்கு முன்னால போட்டுக்கிடுவேன். அப்பந்தான நான் அம்மாக்குப் பிள்ளை?"

கேட்டாயா? மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் ஏச்சு வாங்கிக்கொண்டு, வெளியே நின்றுகொண்டு, "மாத்திரை" என்று கேலி கேட்டுக்கொண்டு, அந்த மாத்திரையைப் பென்சில் டப்பாவில் வைத்து உனக்காகக் கொண்டுவந்திருக்கிறாள். நான் ஏசினபோதும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வாங்கி வைத்துவிடுவேன் என்று பயம். உனக்கு டபுள் டூட்டி வந்து நீ கூப்பிட முடியாத நாட்களில் எல்லாம் டப்பாவில் மாத்திரை மிஞ்சியிருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை, நீ விசயம் சொல்லப் போகிறாய் என்று, மிஞ்சினதை எல்லாம் மொத்தமாக வாயில் போட்டிருக்கிறாள். ஒரு குட்டையன் போட்டால் கொஞ்சம் நல்ல பிள்ளை, எல்லாக் குட்டையனும் சேர்ந்தால் ஒரு நெட்டையன், அம்மா வந்துவிடுவாள். அவள் போட்ட கணக்கு இதுதான்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நீதான் இருப்ப என்று சொன்னவர் அவர்தானே. எந்த மாத்திரை எத்தனை மணி நேரம் நிற்கும் என்றெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோம், எதற்காகப் போடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்றார். அந்த மனுசன் மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை. உன் மேலும் இல்லை. இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நிறையவே இருந்தது. ஊரான் வீட்டு நோயாளிக்கெல்லாம் நேரம் பார்த்து மருந்து கொடுக்கிறாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்.

போனை எடுக்காததால் நீ அந்த விசயத்தை அதில் பேசி அனுப்பியிருந்தாய். இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஜெனோ குட்டி அழக் கூடாது, நீ இப்போது நல்ல பிள்ளையாக, சமர்த்தாக இருக்கிறாய், அந்தத் தைரியத்தில்தான் அம்மா போட்டேன் என்று சொல்லியிருந்தாய். சொல்லும்போது உன் குரலும் உடைந்துதான் இருந்தது. அதைக் கேட்ட பிறகு உன்னைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் நல்ல பிள்ளையாக இருந்தால் நீ வருவாய் என்று அவள் நினைத்தாள். அவள் நல்ல பிள்ளையாகிவிட்டாள், இனி வராமல் சமாளிக்கலாம் என்று நீ நினைத்தாய். இதை நான் எந்த வாயால் அவளுக்குச் சொல்லட்டும்?

அந்த மெசேஜை அவளுக்குப் போட்டுக் காட்டவில்லை. அம்மா என்ன விசயம் சொன்னா என்று தினமும் கேட்கிறாள். நீ நேரில் சொல்லுவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தான் சரியாக உட்காராததால்தான் நீ சொல்லவில்லை என்று இருக்கிறாள்.

இப்போது மருந்து எதுவும் இல்லை. நெஞ்சை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குட்டையனா, நெட்டையனிலேயே அளவு குறைந்ததா என்று அப்போது முடிவு செய்வார். மருந்தே வேண்டாம் என்று அக்கா ஒரு நாள் ஆரம்பித்தாள், நான் விடவில்லை. மருந்து அவளுக்கு வேண்டும். கணக்குப் போட, கதை படிக்க, ரோட்டைப் பார்த்துக் கடக்க வேண்டும். நமக்குப் பிள்ளையாக இருப்பதற்கு அவளுக்கு மருந்து வேண்டாம். இதை அவளிடம் நான் நூறு தடவை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்கிறாள், நம்பவில்லை. நான் தினமும் பார்க்கிறவன், என் பேச்சு அவளுக்குச் செல்லாது. உன் பேச்சுக்காகத்தான் அவள் இவ்வளவும் செய்தாள்.

அக்காவும் நொறுங்கிப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஜெனோ அவளிடம், அத்தை நீங்க சொன்ன சாட்சி என்னால பொய்யாப் போச்சா என்று கேட்டுவிட்டாள். அக்கா வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நேற்று ஆராதனையில் எழுந்து நின்று, பிள்ளை சுகமாகவில்லை, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அவளுக்காக ஜெபியுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இந்த வயசில் அவளுக்கு அது லேசு இல்லை. நீ வந்தால் உன் மைனியிடம் முகம் கோணாமல் இரு.

ஆகவே, பிரிஸி, இது நான் எனக்காக எழுதுகிற முதல் விண்ணப்பம். கையெழுத்துப் போட்டது போட்டதாகவே இருக்கட்டும், அதை முறிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். அவசர லீவு என்று ஒன்று அங்கேயும் இருக்கும்தானே. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடு, அது பொய் இல்லை. டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி ஹெப்ரானிடமே கொடுத்திருக்கிறேன். வரும்போது சாக்லேட், துணிமணி ஒன்றும் சுமந்து வராதே. அவள் விடிந்து எழுந்து, பல் விளக்காமல், எந்த மாத்திரையும் உள்ளே போகாமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற நேரத்தில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் ஓடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தட்டைத் தட்டிவிடுவாள், நீ பேசுகிற பாதியில் எழுந்து போய்விடுவாள். உனக்கு மனசு வலிக்கும். வலிக்கட்டும், போகாமல் இரு.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இது இல்லையென்றால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன், போனிலேயே சொல்லித் தொலைத்திருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் கடைசியாக ஜெபிக்கும் முறை ஜெனோவுக்கு. முழங்கால் போட்டாள். அம்மாவைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வாரும் என்று வழக்கமாகக் கேட்பாள், அதைத்தான் எதிர்பார்த்தேன். அதைக் கேட்கவில்லை.

"அம்மா வாற அன்னைக்கு என் மாத்திரை தீந்துறாமப் பாத்துக்கிடும் ஆண்டவரே" என்று கேட்டாள்.

நம் வீட்டில் யார் ஜெபித்தாலும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானே ஆமென் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

அவளுக்கு அந்த ஜெபம் கேட்கப்படுவதற்கு முன்னால் நீ வந்துவிடு, பிரிஸி. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன்,
பாக்கியசீலன்